கணக்குக் கேட்ட கடைக்காரர்

கடலூர் மாநகராட்சியாகி, 2022 மார்ச் 4 அன்று நம் முதல் மேயர் பதவியேற்ற சமயத்தில், மற்ற ஊர்களில் முதல் மேயராக உட்கார்ந்தவர்கள் யார், அதற்கு முன்னால் என்ன பிழைப்புப் பார்த்தவர்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வக்கீல்கள், கப்பல் சரக்கு வியாபாரிகள், மெல்போர்னில் பீர் காய்ச்சும் ஆலை முதலாளி என்று வரிசையாக வந்தார்கள். டொரோண்டோவுக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த ஊரின் முதல் மேயர், ஆணியும் சாயப்பொடியும் மருந்தும் மிட்டாயும் ஒரே கூரையின் கீழ் விற்றுக்கொண்டிருந்த கடைக்காரர். பெயர் வில்லியம் லயன் மெக்கன்சி.

கனடா வரலாற்றில் அவரைப் பெரும்பாலும் 1837-ல் ஆயுதம் எடுத்த கலகக்காரர் என்றுதான் எழுதுகிறார்கள். கலகம் நடந்தது சில நாள். அதற்கு முன்னும் பின்னும் முப்பது வருடத்துக்கு மேல் அந்த மனிதர் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, யார் எடுத்துக்கொண்டது என்று கேட்டது. கடைக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அவருடைய வாழ்க்கை அப்படித்தான் தெரிகிறது.

1795 மார்ச் 12, ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் பிறந்தார். அப்பா டேனியல் நெசவாளர், பிள்ளை பிறந்து சில வாரத்திலேயே இறந்துபோனார். அம்மா எலிசபெத் கடவுள் பக்தி நிறைந்த, கண்டிப்பான மனுஷி, தனியாளாக வளர்த்தார். பையனுக்குப் படிப்பு வெறி. 1806-லிருந்து 1819 வரை தான் படித்த புத்தகங்களை எல்லாம் எழுதி வைத்திருந்தார், அந்தப் பட்டியலில் 950-க்கு மேல் இருக்கிறது. பத்துப் பதினோரு வயதில் ஆரம்பித்து, படித்த ஒவ்வொரு புத்தகத்தையும் குறித்துவைக்கிற பிள்ளை பிற்காலத்தில் ஒரு அரசாங்கத்தின் ஒவ்வொரு செலவையும் குறித்துவைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அம்மாவோடு சேர்ந்து டண்டீக்குப் பக்கத்தில் ஏலித் என்ற சின்ன ஊரில் ஒரு பலசரக்குக் கடை போட்டார். கூடவே வாடகைக்குப் புத்தகம் தருகிற நூலகமும். நெப்போலியன் போர் முடிந்ததும் வியாபாரம் படுத்த காலம் அது. ஜனங்கள் கையில் காசு இல்லை, கடை திவாலானது. அப்புறம் இங்கிலாந்துப் பக்கம் போய்க் கணக்கர் வேலை, கொஞ்ச நாள் குடி, சூதாட்டம் என்று போயிற்று. இரண்டையும் விட்டுவிட்டு 1820-ல், ஜான் லெஸ்லி என்ற நண்பரோடு கனடாவுக்குக் கப்பல் ஏறினார்.

முதலில் மாண்ட்ரியாலில் லஷீன் கால்வாய் வேலையில் கணக்கு எழுதினார். பிறகு யார்க் என்ற சின்ன ஊருக்கு வந்தார், இன்றைய டொரோண்டோ அதுதான். அங்கே லெஸ்லி குடும்பத்தோடு கூட்டாகப் புத்தகமும் மருந்தும் விற்கிற கடை, பக்கத்தில் டண்டாஸ் என்ற ஊரில் அதன் கிளை. டண்டாஸ் கடையில் இருந்த சரக்கைப் பாருங்கள்: மருந்து, இரும்புச் சாமான், கத்தி, நகை, விளையாட்டுப் பொம்மை, தச்சர் கருவி, ஆணி, மளிகை, மிட்டாய், சாயம், பெயிண்ட். இத்தனைக்கும் நடுவில் அங்கேயும் ஒரு வாடகை நூலகம். 1822-ல் அம்மா கப்பலேறி வந்து சேர்ந்தார், கூடவே மகனுக்கு மனைவியாகப் பார்த்துவைத்த இசபெல் பாக்ஸ்டரும் வந்தார். 1822 ஜூலை 1 மாண்ட்ரியாலில் கல்யாணம்.

எங்கள் அப்பா திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் உட்காரும் இடம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டூல். "அண்ணே, ஒண்ணாந்தேதி குடுத்துடறேன், எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களின் பெயர் முதலில் சிட்டையில் ஏறும், இரவு கடை சாத்திய பிறகு பேரேட்டில் அவரவர் பக்கத்துக்கு மாறும். யார் வீட்டில் கல்யாணம் நெருங்குகிறது, யாருக்கு மில்லில் வேலை போய்விட்டது, யார் வெல்லத்தில் இருந்து சர்க்கரைக்கு மாறினார்கள், யார் எண்ணெயைக் கால் லிட்டராகக் குறைத்துவிட்டார்கள், எல்லாம் அந்த நோட்டில் தெரியும். புயல் வந்த வருடம் எந்தத் தெருவில் கடன் ஏறியது என்று பார்த்தாலே எந்தத் தெரு அதிகம் அடிபட்டது என்று சொல்லிவிடலாம். ஊரின் நாடி பிடிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மெக்கன்சியின் கடைக்கு வந்தவர்கள் காடு வெட்டி நிலம் திருத்துகிற விவசாயிகள். அவர்கள் கையில் ரொக்கம் புழங்குவது குறைவு, அறுவடை வந்தால்தான் பாக்கி அடைபடும். அவர்கள் கடையில் நின்று புலம்பியது என்ன? சாலை போட ஆள் இல்லை, ஏனென்றால் நடுநடுவே பெரிய பெரிய நிலம் காடாகவே கிடக்கிறது. அந்த நிலம் யாருடையது? ஏழில் ஒரு பங்கு இங்கிலாந்துத் திருச்சபைப் பாதிரிமார்களின் ஜீவனத்துக்கு என்று ஒதுக்கி வைத்தது. மீதியில் நல்ல துண்டுகள் பிரிட்டிஷ் கவர்னரைச் சுற்றியிருந்த சில குடும்பங்களுக்கு மானியமாகப் போய்விட்டன. நீதிபதியும் அவர்கள் ஆள், மேல்சபை உறுப்பினரும் அவர்கள் ஆள், வங்கியும் அவர்கள் கையில். 'ஃபேமிலி காம்பாக்ட்' என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வந்தது பின்னால்தான். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சட்டசபை ஒன்று இருந்தது, அது எதை நிறைவேற்றினாலும் நியமன மேல்சபை தடுத்துவிடலாம்.

1823-ல் லெஸ்லியோடு கூட்டு முறிந்தது. நயாகரா ஆற்றங்கரையில் க்வீன்ஸ்டன் என்ற ஊரில் சொந்தமாகக் கடை போட்டார். 1824 மே 18 அன்று 'கொலோனியல் அட்வகேட்' என்ற பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. அதோடு கடை வியாபாரம் முடிந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரத்தை விட்டுவிட்டு ஏன் இதற்குப் போனார் என்று வியப்பவர்கள் உண்டு. வருகிறவர்கள் எல்லாம் ஒரே புகாரைச் சொல்லும்போது, அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஆணியை நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த வருடமே ஒரு சம்பவம். அமெரிக்காவோடு நடந்த 1812 போரில் இறந்த பிரிட்டிஷ் தளபதி ப்ராக்குக்கு க்வீன்ஸ்டனில் நினைவுத்தூண் கட்டினார்கள். அஸ்திவாரத்தில் வைத்த பொருட்களோடு மெக்கன்சியின் பத்திரிகைப் பிரதி ஒன்றும் உள்ளே போனது. விஷயம் தெரிந்த கவர்னர், அதைத் தோண்டி எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். பிரதி வெளியே வந்தது. பத்திரிகையின் பெயர் இன்னும் நாலு ஊருக்குப் பரவியது.

பத்திரிகையால் காசு வரவில்லை. ஊரை யார்க்குக்கு மாற்றினார், அங்கேயும் கடன். 1826-ல் கடன்காரர்களுக்குப் பயந்து அமெரிக்கக் கரையில் லூயிஸ்டனுக்குப் போய் இருந்த நேரம். ஜூன் 8, அந்தப் பெரிய குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களிடம் சட்டம் பழகிய இளைஞர்களும் கூட்டமாக வந்து அச்சகத்துக்குள் புகுந்தார்கள். இரவில் இல்லை, முகமூடி இல்லை, பட்டப்பகலில். உள்ளே அம்மாவும் குடும்பத்தாரும் இருந்தார்கள். இயந்திரத்தை உடைத்து, கோத்துவைத்திருந்த ஈய எழுத்துக்களை வாரிக்கொண்டுபோய் ஏரியில் கொட்டினார்கள். பார்த்துக்கொண்டு நின்ற பெரிய மனிதர்கள் தடுக்கவில்லை.

மெக்கன்சி வழக்குப் போட்டார். 625 பவுண்டு நஷ்டஈடு என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. உடைந்த சாமானின் விலையைவிட அது அதிகம். மூழ்க இருந்த பத்திரிகையை அந்தப் பணம்தான் காப்பாற்றியது. அவரை ஒழிக்க வந்தவர்களே அவருக்கு முதல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

1828-ல் சட்டசபைக்குத் தேர்வானார். அங்கேயும் தபால் வருமானம் எங்கே போகிறது, வங்கியின் பங்குதாரர்கள் யார், எந்த அதிகாரிக்கு எத்தனை சம்பளம், எத்தனை பென்ஷன் என்று கணக்குத்தான் கேட்டார். பேச்சு கொஞ்சமும் நாசூக்கு இல்லாதது, ஆளைப் பெயர் சொல்லித் திட்டுகிற பேனா. 1831 டிசம்பரில் சபையை அவமதித்தார் என்று வெளியேற்றினார்கள். 1832 ஜனவரி 2 இடைத்தேர்தல். 119 ஓட்டு அவருக்கு, 1 ஓட்டு எதிராளிக்கு. தொகுதிக்காரர்கள் தங்கப் பதக்கம் போட்டு ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். சில நாளில் மறுபடி வெளியேற்றம். மறுபடி தேர்தல், மறுபடி ஜெயித்தார். வெளியேற்றுவதும் ஜெயிப்பதுமாக இப்படியே இரண்டு மூன்று வருடம் ஓடியது.

சரி, மேயர் கதைக்கு வருவோம். நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வருடத்துக்காகத்தான்.

1834 மார்ச் 6 அன்று யார்க், டொரோண்டோ என்ற பெயரோடு நகராக அறிவிக்கப்பட்டது. ஜனத்தொகை 9,000 சொச்சம். 'சேற்று யார்க்' என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிற அளவுக்குத் தெருவெல்லாம் சேறு, வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். மார்ச் 27 தேர்தல். ஐந்து வார்டு, வார்டுக்கு நான்கு பேர், மொத்தம் இருபது. அந்த இருபது பேர் கூடித் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊரில் 2022-ல் 45 வார்டு கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்களே, அதே முறை. மெக்கன்சி நின்று ஜெயித்த வார்டின் பெயர் செயின்ட் டேவிட். இதைப் படித்ததும் எனக்குத் தேவனாம்பட்டினம்தான் ஞாபகம் வந்தது. 1690-ல் இங்கிலீஷ் கம்பெனி மராட்டியரிடம் வாங்கி, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை உள்ள கிராமமெல்லாம் எங்களுடையது என்று எடுத்துக்கொண்ட நம் செயின்ட் டேவிட் கோட்டை. இரண்டுக்கும் வேறு சம்பந்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் கடலூர்க்காரன் அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

சீர்திருத்தக் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது, மெக்கன்சி மேயரானார். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் தெரிந்தது, கஜானா காலி, பழைய கடன் மட்டும் பாக்கி. இத்தனை வருடம் வெளியில் நின்று கணக்குக் கேட்ட ஆள் இப்போது கல்லாவுக்கு இந்தப் பக்கம். தெருவுக்கு ஏதாவது செய்தாக வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். சொத்து மதிப்பில் ஒரு பவுண்டுக்கு 3 பென்ஸ் என்று வரி போட்டார்கள். அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ், ஆக நூற்றுக்கு ஒன்றேகால். அந்தப் பணத்தில் முக்கியமான தெருக்களின் ஓரத்தில் நடக்கிறவர்களுக்காகப் பலகை பாவினார்கள். டொரோண்டோவுக்கு நடைபாதை வந்தது அப்படித்தான். குதிரை வண்டி வைத்திருப்பவனுக்கு நடைபாதை எதற்கு? கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடந்து போகிற பெண்ணுக்கு வேண்டும், அவள் முழங்கால் வரை சேறு இல்லாமல் வீடு போய்ச் சேர வேண்டும். மெக்கன்சி செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தப் பலகைதான். மழைக்காலத்தில் எங்கள் பகுதித் தெரு தோண்டிப்போட்டது போட்டபடி கிடந்து, செங்கல் செங்கலாகத் தாண்டி அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் நான். நடக்கிறவனை நினைத்து ஒரு நகராட்சி முதல் வேலையைச் செய்தது என்று படித்தால் மனசு நிறைகிறது.

ஆனால் வரி போட்டால் ஊர் சும்மா இருக்குமா? ஜூலை மாதம் சந்தைக் கட்டடத்தில் பொதுக்கூட்டம் கூடியது. மாடத்தில் ஜனம் நெருக்கியடித்து நின்றது. பாரம் தாங்காமல் மாடம் இடிந்து விழுந்தது. கீழே கசாப்புக் கடைகள். இறைச்சி தொங்கவிடுகிற கொக்கிகளின் மேல் ஆட்கள் விழுந்தார்கள். சிலர் செத்தார்கள், பலருக்குக் கை கால் போனது. நகரானதும் வந்த முதல் கோடையில் இப்படி.

அதே கோடையில் காலரா. வங்காளத்திலிருந்து கிளம்பி, படையோடும் கப்பலோடும் உலகத்தைச் சுற்றிய நோய், குடியேறிகள் கப்பலில் வந்து இறங்கியது. 1832-ல் ஒரு முறை வந்து போனது, 1834-ல் மறுபடி. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். நோயாளியைத் தொட ஆள் கிடைக்காத நேரத்தில் மேயரே அவர்களை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் அவருக்கும் தொற்றியது, எப்படியோ பிழைத்தார். சேறும் சாக்கடையும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்த ஊரில் காலரா வராமல் எப்படி இருக்கும்? தண்ணீரில்தான் நோய் வருகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ எடுத்துக்காட்ட இன்னும் இருபது வருடம் இருந்தது.

அவர் செய்ததில் என்னால் ஏற்க முடியாத ஒன்றும் அந்த வருடத்தில் உண்டு. அப்போது மேயர்தான் நகர நீதிமன்றத்துக்கும் தலைவர். குடித்துவிட்டு ரகளை செய்ததாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் மேயரைத் திட்டி, காலில் இருந்த செருப்பைக் கழற்றி அவர் மேலேயே வீசினாள். மெக்கன்சி அவளைத் தொழுமரத்தில் கால்களைப் பூட்டி, ஊர் பார்க்க உட்காரவைக்கச் சொன்னார். ஒரு பெண்ணுக்கு அந்தத் தண்டனையா என்று எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பிடித்துக்கொண்டது சரிதான். சட்டசபையில் தன்னை அவமதிப்பு என்று சொல்லித் துரத்தியவர்களைப் பற்றி அவ்வளவு எழுதியவர், தன்னை ஒரு ஏழைப் பெண் அவமதித்ததும் கையில் இருந்த அதிகாரத்தை அப்படியே பிரயோகித்துவிட்டார். அவரைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

மேயராக இருக்கும்போதும் பத்திரிகைக்காரரின் கை சும்மா இருக்கவில்லை. லண்டன் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் ஹ்யூம் தனக்கு எழுதிய கடிதத்தை 1834 மே மாதம் அச்சில் போட்டார். தாய்நாட்டின் கேடான ஆதிக்கத்திலிருந்து காலனி விடுபடும் என்ற அர்த்தத்தில் அதில் ஒரு வாக்கியம் இருந்தது, ராஜத்துரோகம் என்று ஊரே கொதித்தது. இந்த ஜோசப் ஹ்யூம் யார் தெரியுமா? இளம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டராக இந்தியாவில் வேலை பார்த்தவர். அவர் மகன் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம்தான் 1885-ல் நம் இந்திய தேசிய காங்கிரஸ் உருவாகக் காரணமாக இருந்தவர். டொரோண்டோ மேயரின் கதையில் திடீரென்று நம் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் வந்து நின்றதில் எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

நகரத்துக்கு முத்திரைச் சின்னமும் அவர் காலத்தில் வந்ததுதான். உழைப்பு, அறிவு, நேர்மை என்று மூன்று சொல்லை அதில் பொறித்தார்கள். 1998-ல் பக்கத்து ஊர்களை எல்லாம் சேர்த்துப் பெரிய டொரோண்டோ ஆகும்வரை, நூற்று அறுபது வருடத்துக்கு மேல் அது இருந்தது.

1835 ஜனவரியில் மறுபடி நகரத் தேர்தல். சீர்திருத்தக் கட்சி தோற்றது. மெக்கன்சியும் தோற்றார், ராபர்ட் பால்ட்வின் சல்லிவன் அடுத்த மேயர். வரி போட்டவன் தோற்றான், பலகை மட்டும் தெருவில் இருந்தது. ஆனாலும் ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிக்காத மேயரை ஒரு வருடத்துக்குள் இறக்கிவிட அந்த ஊர் ஜனத்துக்கு ஒரு வழி இருந்தது. பக்கத்தில் புதுச்சேரியைப் பாருங்கள். 1880-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மேயரோடு நகராட்சி அமைத்த ஊர். அங்கே 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல், முப்பத்தெட்டு வருடம் கழித்து. அதில் ஜெயித்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது, அதற்கப்புறம் வருடக்கணக்கில் அதிகாரிகள்தான் நிர்வாகம். கடற்கரைச் சாலையில் 1870-களில் கட்டிய மேரி (பிரெஞ்சில் நகராட்சி அலுவலகம்) கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதைப் பழைய அச்சிலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்துவிட்டார்கள். கட்டடம் அழகாக இருக்கிறது. உள்ளே உட்கார வேண்டிய, ஜனம் ஓட்டுப் போட்ட ஆள்தான் இல்லை. ஓட்டுப் போட்டால்தானே வரியையும் சாக்கடையையும் பற்றி ஒருவரைப் பிடித்துக் கேட்க முடியும்?

மேயர் பதவி போனதும் மெக்கன்சி சட்டசபைப் பக்கம் திரும்பினார். 1835-ல் அவர் தலைமையில் குறைகளை விசாரித்த குழு ஒரு தடித்த அறிக்கை கொடுத்தது. பாதிக்குப் பாதி சம்பளப் பட்டியல், பென்ஷன் பட்டியல், யார் எந்தப் பதவியில் எத்தனை வருடம், எவ்வளவு வாங்கினார். அதே வருடம் வெல்லண்ட் கால்வாய்க் கம்பெனியில் அரசு சார்பில் இயக்குநராகப் போட்டார்கள். மற்ற இயக்குநர்கள் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், இவர் பேரேட்டை இறக்கிவைத்துக்கொண்டு வரி வரியாகத் தட்டிப் பார்த்தார். கணக்கில் இருந்த ஓட்டைகளை எழுதுவதற்கென்றே தனியாக ஒரு பத்திரிகை நடத்தினார். கடைக்காரனுக்குத்தான் தெரியும், திருட்டு எப்போதும் சில்லறைச் செலவு என்ற தலைப்பில்தான் ஒளிந்திருக்கும்.

1837-ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 1836 தேர்தலில் புது கவர்னர் பாண்ட் ஹெட் தானே இறங்கிப் பிரசாரம் செய்தார், சீர்திருத்தக்காரர்கள் தோற்றார்கள், மெக்கன்சியும் இடத்தை இழந்தார். அடுத்து வங்கி நெருக்கடி, மோசமான விளைச்சல், கடன்காரர் நெருக்கல். டிசம்பர் முதல் வாரம் யங் தெருவில் மாண்ட்கோமெரி விடுதியில் சில நூறு விவசாயிகள் கூடினார்கள், பலர் கையில் ஈட்டியும் தடியும்தான். டிசம்பர் 5 ராத்திரி நகரத்தை நோக்கி நடந்தார்கள். எதிரில் இருந்த காவல் கூட்டம் சுட்டுவிட்டு ஓடியது. இவர்களில் முன்வரிசைக்காரர்கள் சுட்டுவிட்டு, பின்னால் இருப்பவர்கள் சுட வழிவிட்டுத் தரையில் படுத்தார்கள். இருட்டில் பார்த்த பின்வரிசை, முன்னால் இருந்தவர்கள் எல்லாம் செத்து விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓட்டம் பிடித்தது. 7-ந் தேதி அரசுப்படை வந்து விடுதியைப் பிடித்தது. மெக்கன்சி தலைக்கு 1,000 பவுண்டு. அவர் எல்லை தாண்டித் தப்பினார். கொல்லர் சாமுவேல் லவுண்டும் விவசாயி பீட்டர் மாத்யூஸும் தப்பவில்லை, 1838 ஏப்ரல் 12 அன்று டொரோண்டோவில் தூக்கில் போட்டார்கள். அந்த இரண்டு உயிருக்கு மெக்கன்சியும் பதில் சொல்ல வேண்டியவர் என்பது என் எண்ணம். அவசரப்பட்டுத் தேதியையும் திட்டத்தையும் குழப்பியதில் அவர் பங்கு பெரிது.

அமெரிக்காவில் பன்னிரண்டு வருடம் வறுமை. அமெரிக்க நடுநிலைச் சட்டத்தை மீறினார் என்று ராச்செஸ்டர் சிறையில் 1839 ஜூனிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருடம். அப்போது அம்மா எலிசபெத் சாகக் கிடந்தார். சிறையை விட்டு வெளியே அனுப்ப வழியில்லை. நண்பர்கள் ஒரு யோசனை செய்தார்கள்: ஏதோ ஒரு வழக்கில் மெக்கன்சி சாட்சி சொல்ல வேண்டும் என்று உத்தரவு வாங்கி, அந்த விசாரணையை அவர் வீட்டிலேயே வைத்தார்கள். சாட்சி சொல்ல வந்த மகன் அம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பச் சிறைக்குப் போனார். சவ ஊர்வலத்தைச் சிறை ஜன்னலில் இருந்துதான் பார்த்தார். இரண்டு தேசத்தில் அவரோடு சேர்ந்து கடை பார்த்த, அச்சகம் உடைபட்டபோது உள்ளே இருந்த அம்மா.

1849-ல் பொதுமன்னிப்பு, 1850-ல் டொரோண்டோவுக்குக் குடும்பத்தோடு திரும்பினார். அடுத்த வருடமே ஹால்டிமண்ட் தொகுதியில் நின்று, கனடா அரசியலில் பிற்காலத்தில் பெரும் புள்ளியான ஜார்ஜ் பிரவுனைத் தோற்கடித்தார். 1858 வரை சட்டசபையில் உட்கார்ந்து அதே கணக்குக் கேள்விகள். கையில் சொத்து கிடையாது. நண்பர்கள் வசூல் செய்து பாண்ட் தெருவில் 82-ம் எண் வீட்டை வாங்கிக் கொடுத்தார்கள். அங்கேதான் 1861 ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் மெக்கன்சி கிங் இருபத்தோரு வருடத்துக்கு மேல் கனடாவின் பிரதமராக இருந்தார்.

அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பழைய அச்சு இயந்திரமும் வைத்திருக்கிறார்கள். டொரோண்டோவில் நம் தமிழ்ச் சனம் இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், ஸ்கார்பரோவில் இருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், முடிந்தால் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.

கடலூர்க்காரர்களிடம் கேட்க வேறு ஒன்று இருக்கிறது. நம் நகராட்சி 1866-ல் வந்தது. ஆரம்ப கால உறுப்பினர்களில் நம் வியாபாரிகள் யார் யார், எதற்கு வரி போட்டார்கள், முதலில் எந்தத் தெருவுக்கு விளக்கு வைத்தார்கள் என்று எழுதலாம் என்று இருக்கிறேன். ஓ.டி. என்கிற ஓல்டு டவுனிலோ மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ உங்கள் தாத்தா கடை வைத்திருந்தவர் என்றால், பரணில் பழைய பேரேடோ சிட்டையோ நகராட்சி வரி ரசீதோ கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, நோட்டை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன்.